ஈ.ஐ.டி.யில் அந்த ‘டி’ எதற்கு? – எங்கள் பக்கத்துக் கள்ளுக்கடையின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் ஒரு கேள்வி. பண்ருட்டி சாலையில் போகும்போது நெல்லிக்குப்பம் வருவதற்கு முன்பே மொலாசஸ் வாடை மூக்கில் ஏறும். அந்தச் சர்க்கரை ஆலையை நாம் எல்லாரும் ‘ஈ.ஐ.டி. பாரி’ என்போம். பாரி என்றால் தாமஸ் பாரி என்ற வெள்ளைக்காரர், சென்னைப் பாரிமுனைக்குப் பெயர் கொடுத்தவர். ‘ஈ.ஐ.’ என்றால் ஈஸ்ட் இந்தியா. அந்த ‘டி’ எதற்கு? பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். ‘டெவலப்மென்ட்’ என்பார்கள், ‘டிரேடிங்’ என்பார்கள்.

டிஸ்டில்லரீஸ். சாராயம் வடிக்கும் ஆலைகள்.

தாமஸ் பாரி 1788-இல் சென்னைக்கு வந்தவர். 1824-இல் நம் பரங்கிப்பேட்டையில் வாந்திபேதி கண்டு இறந்தார். அவருடைய நிறுவனம் 1842-இல் நெல்லிக்குப்பத்தில் ஆலை வைத்தது. 1897-இல் ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்டு சுகர் ஃபாக்டரீஸ் என்ற பெயரில் ஒரு கம்பெனி உருவானது. பெயரில் எது முன்னால் நிற்கிறது பாருங்கள். சாராயம் முன்னால், சர்க்கரை பின்னால். கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகிலிருந்து சாராயம் வடித்தார்கள். தென்னார்க்காடு மாவட்டத்தின் சாராயக்கடைகளுக்கு அங்கிருந்துதான் சரக்குப் போனது.

அதற்கு முன் நம் பக்கத்துச் சனங்கள் எதைக் குடித்தார்கள்? எங்கே உட்கார்ந்து குடித்தார்கள்? அந்த இடம் எப்படிக் காணாமல் போனது? இதுதான் இன்றைய பதிவு. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பவன் அல்ல, எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. இது கடையைத் திறக்கச் சொல்லும் பதிவும் இல்லை. ஒரு குடிப்பொருள் பற்றியும், அதை நம்பி இருந்த மனிதர்கள் பற்றியும் நம் மாவட்ட வரலாற்றில் ஒரு பத்தியாவது இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவ்வளவுதான்.

கள் என்றாலே ஒரே பொருள் என்று நினைக்கிறோம். பழைய இலக்கியத்தைப் புரட்டினால் அப்படி இல்லை. கள், தேறல், நறவு, மட்டு, அரியல், பிழி, தோப்பி என்று எத்தனை பெயர்கள்! தோப்பி என்பது வீட்டிலேயே அரிசியில் ஆக்கிய கள், பெரும்பாணாற்றுப்படையில் வருகிறது. மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேறலும் உண்டு. மது விற்கும் கடைக்குக் கொடி கட்டியிருந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. அதியமான் சிறிதளவு கள் கிடைத்தாலும் அதைத் தமக்கே கொடுத்துவிடுவான் என்று ஔவையார் அவன் இறந்தபின் அழுது பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அதே மொழியில் வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வைத்துவிட்டார். இரண்டும் நம் சொத்துதான். பள்ளிக்கூடத்தில் இரண்டாவதை மட்டும் நடத்துவோம்.

எங்கள் பக்கத்தில் கள் மூன்று வகை. பனங்கள், தென்னங்கள், ஈச்சங்கள். பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம் கடலோரத்தில் பனை. கொள்ளிடக்கரைப் பக்கம், சிதம்பரத்தைச் சுற்றிய படுகையில் தென்னை. ஈச்சங்கள் மேற்கே போகப் போக. பனை தை, மாசியில் பாளை விடத் தொடங்கி ஆடி வரை கொடுக்கும். முதலில் ஆண் பனை, அப்புறம் பெண் பனை. தென்னை ஆண்டு முழுவதும் கொடுக்கும், ஆனால் தொடர்ந்து சீவினால் காய் போய்விடும் என்று மரத்தை மாற்றி மாற்றித்தான் விடுவார்கள். ஆகவே கடையில் இந்த மாதம் கிடைக்கும் கள் அடுத்த மாதம் கிடைக்காது. இந்தத் தோப்பின் ருசி அடுத்த தோப்பில் இராது. குடித்துப் பழகியவர்கள் மூக்கில் வைத்தே இது எந்தக் கொல்லைக் கள் என்று சொல்வார்களாம். ‘ஒரு மரத்துக் கள்’ என்று தனியாக ஒன்று உண்டு. ஒரே மரத்தில் இறக்கியதை வேறு எதோடும் கலக்காமல் ஒரு மண்டலம் மருந்தாகக் குடிப்பார்கள். மருந்தா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நம்பினார்கள்.

கள் இறக்குவது பார்க்க எளிது, செய்யக் கடினம். பாளையைக் கடிப்பு வைத்து இதமாக நெரித்து, பாளை அருவாளால் நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, கலயத்தைக் கட்ட வேண்டும். காலையும் மாலையும் ஏறிச் சீவ வேண்டும், ஒருநாள் விட்டாலும் பாளை காய்ந்துவிடும். அதனால் மரமேறிக்குப் பொங்கலும் இல்லை, திருவிழாவும் இல்லை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிற ஆள் ஒருவர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்பு. இது அறிவியல் பாடத்துக்கு அருமையான எடுத்துக்காட்டு. காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதியங்கள் இனிப்பைச் சாராயச் சத்தாக மாற்றத் தொடங்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை அதைத் தடுத்துவிடும். மரத்திலிருந்து இறக்கும்போதே கள் பாதி நுரைத்திருக்கும். சில மணி நேரத்தில் அதில் சாராயச் சத்து நான்கு, ஐந்து சதவீதம். ஒருநாள் கழிந்தால் புளிப்பு. அதற்கு மேல் காடிதான்.

இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கள் காத்திருக்காது. அதைத் தூரத்துக்கு அனுப்ப முடியாது, புட்டியில் அடைத்து வைக்க முடியாது, இருப்பு வைத்து விலை ஏற்ற முடியாது. எந்த ஊரில் இறங்குகிறதோ அந்த ஊரில், அன்றைக்கே குடித்துத் தீர்க்க வேண்டும். பிற்பாடு நடந்ததற்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

கடை எப்படி இருந்தது? 1980-களின் தொடக்கத்தில் புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இடைநிலை ஆசிரியராக இருந்தேன். பள்ளிக்குப் போகும் வழியில்தான் கடை. பனையோலை வேய்ந்த கொட்டகை, மண்தரை, தோப்பின் ஓரம். உள்ளே பெரிய சால்கள். வாயில் பன்னாடை. பன்னாடையைச் சும்மா திட்டும் சொல்லாக்கிவிட்டோம். அது பனைமட்டையின் அடியில் வலைபோல் இருக்கும் நார். கள்ளை வடிகட்டினால் நல்லதைக் கீழே விட்டுவிட்டுப் பூச்சியையும் தூசியையும் தன்னிடம் வைத்துக்கொள்ளும். நன்னூலார் கடை மாணாக்கர்களுக்குச் சொன்ன உவமைகளில் நெய்யரி என்பது இதுதான். எங்கள் தமிழாசிரியர் என்னையே ஒருமுறை அப்படிச் சொன்னதுண்டு.

மதியம் வயலிலிருந்து வருபவர்கள், சாயங்காலம் மீன் விற்றுத் திரும்புபவர்கள். பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடித்தவர்களும் உண்டு, கண்ணாடி டம்ளரில் குடித்தவர்களும் உண்டு. தொட்டுக்கொள்ள அவித்த மொச்சை, சுண்டல், வறுத்த நெத்திலி, வயல் நண்டு, மழைக்காலத்தில் நத்தை. வாசலில் ஒரு கிழவி இலையில் மடித்து விற்பார். ஊர்ச் செய்தி முழுவதும் அங்கே கிடைக்கும். யார் வீட்டில் மாடு விலைக்கு வருகிறது, எந்த வாய்க்காலில் தண்ணீர் திறந்திருக்கிறது, நடவுக்கு ஆள் எங்கே தேறும் எல்லாம். கிராமத்துக்கு டீக்கடை இன்று செய்யும் வேலையில் பாதியை அது செய்தது.

சமத்துவபுரம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னார் இந்தப் பக்கம், இன்னார் அந்தப் பக்கம் என்பது அங்கும் உண்டு. பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், முந்திய தலைமுறையில் ஒரு சாராருக்குக் கொட்டாங்கச்சி, மற்றவர்க்கு மண்குவளை. கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போன தகப்பன்மார்களும் உண்டு. சனிக்கிழமை இரவு அம்மா அழுததைத் திங்கட்கிழமை காலையில் பிள்ளையின் முகத்தில் படித்தவன் நான். இதை மறைத்துவிட்டுக் கள்ளுக்கடையைப் பற்றி எழுதுவது நியாயமில்லை.

இனி அரசாங்கத்தின் கணக்குக்கு வருவோம்.

கம்பெனிக்காரர்கள் கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையை 1690-இல் மராத்தியரிடம் வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்களை எடுத்துக்கொண்டார்கள் என்பது நமக்குத் தெரிந்த கதை. நிலவரி, சுங்கம் போலவே குடியையும் குத்தகைக்கு விட்டுப் பணம் பார்ப்பது அவர்களுக்குப் பழக்கம். சாராயக் குத்தகை, புகையிலைக் குத்தகை, வெற்றிலைக் குத்தகை. நூற்றாண்டுகள் போகப் போக இந்தக் கணக்கு நுட்பமானது. 1886-இல் மதராஸ் அப்காரிச் சட்டம் வந்தது. ‘அப்காரி’ பாரசீகச் சொல். நம் ஊரில் கலால் என்கிறோமே, அதே துறை.

சாராயத்துக்கு வரி போடுவது சுலபம். ஓர் ஆலை, ஒரு வாசல். எத்தனை காலன் வெளியே போகிறது, எவ்வளவு வீரியம் என்று அதிகாரி நின்று அளந்துவிடலாம். கள்ளுக்கு எங்கே நின்று அளப்பது? ஆயிரம் தோப்பு, பல்லாயிரம் மரம். அதனால் மரத்துக்கு வரி போட்டார்கள். கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் உரிமம், மரத்தில் எண். அதோடு கடையை ஆண்டுதோறும் ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். மரம் இறங்கும் காலத்தில் சரி. பனை வறண்டுபோகும் மாதங்களில் என்ன செய்வது? தண்ணீர் கலந்தார்கள், தண்ணீர் கலந்தது தெரியாமலிருக்கப் போதை ஏற வேறு எதையாவது கலந்தார்கள். பிற்காலத்தில் அது குளோரல் ஹைட்ரேட்டாகவும் மயக்க மாத்திரையாகவும் ஆனது. கள்ளைக் கெடுத்தது மரமேறியா, ஏலமா என்று கேட்டால் ஏலம்தான் என்பேன்.

சென்னை மாகாணத்தில் நிலவரிக்கு அடுத்த பெரிய வருமானம் இந்தக் கலால்தான். வெள்ளைக்காரன் குடிக்க வைத்துச் சம்பாதிக்கிறான் என்று காங்கிரஸ் சொன்னதில் பொய் இல்லை. ஒத்துழையாமைக் காலத்தில், 1921-இல், ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும், நாகம்மையாரும் கண்ணம்மாவும் மறியலுக்கு வந்ததும் அப்போதுதான். சாராய ஆலைக்கு முன்னால் நின்ற மறியல் குறைவு, கள்ளுக்கடைக்கு முன்னால் நின்ற மறியல் அதிகம். கடை ஊருக்குள் இருந்தது, ஆலை எங்கோ இருந்தது.

1937-இல் ராஜாஜி முதல்வரானதும் அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். பிறகு சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு. போன வருமானத்தை எங்கே எடுப்பது? 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் போட்டார். நாம் கடையில் வாங்கும் எல்லாவற்றுக்கும் கொடுத்துவந்த விற்பனை வரியின் பாட்டனார், கள்ளுக்கடையை மூடியதால் பிறந்தவர். மளிகைக்கடை ரசீதைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டு, சுதந்திரத்துக்குப் பின் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் அமலானது. நம் பக்கத்தில் அது ஒரு விசித்திரமான எல்லையில் போய் முட்டியது. கடலூரிலிருந்து வடக்கே பெண்ணையாற்றைத் தாண்டினால் சற்றுத் தூரத்தில் முள்ளோடை, கன்னியக்கோயில். அது அப்போது பிரெஞ்சு இந்தியா. 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் போன பின்னும் அங்கே கடைகள் மூடவில்லை. இந்தப் பக்கத்துப் பனையில் சுண்ணாம்பு தடவாமல் கலயம் கட்டினால் குற்றம். ஒரு வரப்பைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பனையில் கட்டினால் தொழில். பனைக்கு அந்த வரப்பு தெரியாது.

1971 ஆகஸ்ட் 30-இல் கலைஞர் ஆட்சியில் மதுவிலக்கு விலக்கப்பட்டது. நிதி நெருக்கடி காரணம். 1973-இல் கள்ளுக்கடைகளை மூடினார்கள், 1974-இல் சாராயக்கடைகளையும். 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இரண்டும் மறுபடி திறந்தன. நான் மேலே சொன்ன கடை இந்தக் காலத்துக் கடைதான். 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கு மீண்டும் தடை. அன்றிலிருந்து இன்று வரை அப்படியே.

இதற்கிடையில் 1983-இல் டாஸ்மாக் வந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. அங்கே விற்கும் பிராந்தியிலும் ரம்மிலும் சாராயச் சத்து 42.8 சதவீதம். கள்ளில் நான்கு, ஐந்து. எட்டு மடங்குக்கு மேல் வீரியமுள்ளதை அரசாங்கமே விற்கிறது. வீரியம் குறைந்ததை இறக்கினால் வழக்கு. மதுவே வேண்டாம் என்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது, அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவும் அதைத்தான் நோக்கமாகச் சொல்கிறது. இந்தக் கணக்குதான் எனக்குப் புரியவில்லை. பழைய அப்காரி அதிகாரிக்குப் புரிந்திருக்கும். புட்டியை எண்ணலாம், கலயத்தை எண்ண முடியாது.

இதே நெருக்கடி இங்கிலாந்திலும் வந்தது. அங்கே ஊர்தோறும் ‘பப்’ உண்டு. சில நூறு ஆண்டுப் பழமையான கட்டடங்கள்; தாழ்ந்த உத்திரம், கணப்பு அடுப்பு. அவர்களின் ‘ஏல்’ என்ற பீர், பீப்பாய்க்குள் நொதித்துக்கொண்டே இருக்கும். திறந்தால் சில நாளில் தீர்த்துவிட வேண்டும். கள்ளுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1960-களில் பெரிய கம்பெனிகள் நொதியத்தைச் சாகடித்து, வாயு ஏற்றி, நாடு முழுவதும் ஒரே ருசியில் பீர் அனுப்பத் தொடங்கின. ஊர்ப் பீர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அப்போது நான்கு இளைஞர்கள் சேர்ந்து, பழைய முறைப் பீரைக் காப்பாற்ற ஓர் இயக்கம் தொடங்கினார்கள். ‘கேம்ரா’ என்று பெயர். தொடங்கிய ஆண்டு 1971. நம் மாநிலத்தில் கடை திறந்த அதே ஆண்டு! இன்று அந்நாட்டுப் பப்களில் கரும்பலகையில் ‘இந்த வாரம் இந்த ஊர்ப் பீர்’ என்று எழுதிப் போடுகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் அப்படி ஒரு பலகையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ‘சார், நம்ம ஊர்ல இதெல்லாம் கிடையாதே’ என்று ஒரு வரி கீழே. இருந்தது தம்பி. பலகைதான் இல்லை.

அவர்களுக்கு நடந்தது நமக்கு ஏன் நடக்கவில்லை? அங்கே பீரைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் படித்தவர்கள், பத்திரிகையில் எழுதத் தெரிந்தவர்கள். இங்கே கள்ளை அறிந்தவர்கள் மரமேறிகளும் வயல்வேலைக்காரர்களும். எழுதத் தெரிந்த நம்மைப் போன்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடையைத் தாண்டிப் போனோம். கள் இயக்கம் என்று விவசாயிகள் பிற்பாடு போராடத்தான் செய்கிறார்கள். கேரளத்தில் ஷாப்பு என்ற பெயரில் கள்ளுக்கடை இன்றும் இருக்கிறது, அங்கே மீன்கறி சாப்பிடக் குடும்பத்தோடு போகிறார்கள்.

என் வகுப்பில் ஒரு பையன். தை முதல் ஆடி வரை தாமதமாகத்தான் வருவான். காலையில் அப்பாவுக்குக் கலயம் தூக்க வேண்டும். 1987-க்குப் பின் அவன் அப்பா பதநீருக்கு மாறினார். பதநீர் இறக்கினாலும், ‘சுண்ணாம்பு போட்டியா, போடலையா’ என்று கலயத்தை உடைக்க வருபவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. ஒருநாள் பள்ளிக்கு வந்தார்.

“வாத்தியாரய்யா, பாண்டிச்சேரிப் பக்கம் மரமேறப் போறேன். பயலக் கொஞ்சம் பாத்துக்குங்க.”

“இங்கேயே ஏதாவது வேலை பார்க்கலாமே, அண்ணே.”

“அம்பது வருசமா வானத்துல இருந்துட்டேன். தரையில நின்னு என்ன வேலைங்கய்யா பாக்கறது?”

போனார். பையன் எட்டாவதோடு நின்றுவிட்டான். இப்போது திருப்பூரில் இருக்கிறான். பேரப்பிள்ளைகளுக்குக் கடிப்பு என்றால் என்னவென்று தெரியாது.

குடிப்பவன் குடிக்கத்தான் செய்தான். எதை என்பதுதான் மாறியது. 2001-இல் நம் பண்ருட்டிப் பகுதியில் கள்ளச்சாராயம் குடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் பத்துக்கும் மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர். மூன்றுமே 1993-க்கு முன் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். மூன்றிலும் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைக்கு வரும் வேதிப்பொருள். உடம்புக்குள் போனால் முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை. மரத்திலிருந்து இறங்கும் கள்ளில் அப்படிச் சாகும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. கள் இருந்திருந்தால் இந்தச் சாவுகள் நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், 1987-க்கு முன்பும் கள்ளச்சாராயம் இருந்தது. ஆனால் இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள். டாஸ்மாக் விலை கொடுக்க முடியாதவர்கள். அவர்களுக்கு எட்டும் விலையில் இருந்த, ஆளைக் கொல்லாத ஒரு பொருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாம் எதையும் வைக்கவில்லை.

பனை 1978-இலிருந்து நம் மாநில மரம். பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. நுங்கு, கிழங்கு, பதநீர், கருப்பட்டி, ஓலை, நார் என்று பயன்களையும் வரிசையாக எழுதியிருக்கிறோம். கள் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டோம். நானே பல ஆண்டுகள் கரும்பலகையில் அப்படித்தான் எழுதிப்போட்டேன், பாடத்திட்டம் அப்படி.

கடைகள் போனாலும் பெயர்கள் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கள்ளுக்கடை மேடு, கள்ளுக்கடைச் சந்து, சாராயக்கடை நிறுத்தம் என்று நடத்துநர் குரல் கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். இப்போது அந்த நிறுத்தங்களுக்கும் நகர், அவென்யூ என்று பெயர் மாற்றிவருகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஓர் இடம் இருந்தால், பெரியவர்கள் யாராவது இருக்கும்போதே கேட்டு, எந்தத் தோப்பில் கள் இறங்கியது, எந்த மாதத்தில் எந்த மரம், தொட்டுக்கொள்ள என்ன விற்றார்கள் என்று எழுதி அனுப்புங்கள். தொகுத்து வைக்கிறேன்.